ஃபைட்டரைக் கொல்வது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்தத் தொடங்கிய எவருக்கும் சில வாரங்களில் ஓர் ஆசை முளைக்கும். "இந்தச் சண்டை ரூலெல்லாம் சரியில்லப்பா, நானே மாத்தி எழுதறேன்." தடுக்க முடியாது. தடுக்கவும் கூடாது. அந்த ஆசையை முறைப்படி வளர்த்து, நண்பர்கள் ஒவ்வொருவராக "இந்த ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்லும் நிலைவரை கொண்டுசேர்ப்பதற்கான வழிகாட்டி இது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒருவர் டிஎம். கதை சொல்பவரும் அவரே, நடுவரும் அவரே, எல்லா அரக்கர்களுக்கும் மொத்தக் குத்தகைக்காரரும் அவரே. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள் பிடிப்பவர் ஃபைட்டர், மந்திரம் போடுபவர் விசார்ட், காயம் ஆற்றுபவர் கிளெரிக், இப்படி. சண்டை வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு உங்கள் திறமைக்கு உரியதைக் கூட்டி, எதிரியின் ஆர்மர் கிளாஸை எட்டினால் அடி பட்டது. பிறகு வேறொரு பகடையை உருட்டி, எத்தனை ஹிட் பாயின்ட் போயிற்று என்று கழிக்க வேண்டும். பூஜ்யம் வந்தால் ஆள் சாய்வார். இதைச் சொல்லத்தான் 300 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம். அதில் இல்லாததையோ, இருப்பதற்கு நேர் எதிரானதையோ ஒரு வீட்டுக்குள் சட்டமாக்கினால் அது ஹவுஸ் ரூல்.

தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். அங்கே ஒன்று விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும், வீடே கத்தும். இங்கே ஒன்று விழுந்தால் மேசையில் ஒரு மௌனம், டிஎம் முகத்தில் ஒரு புன்னகை. அந்தப் புன்னகையைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பேசுவோம்.

முதல் படி: புத்தகத்தைப் படிக்காதீர்கள். படித்தால் ஆபத்து. நீங்கள் இரவு முழுக்கக் கண்விழித்துக் கண்டுபிடித்த விதிகளில் பாதி 2014ஆம் ஆண்டு டிஎம் கையேட்டிலேயே 'விரும்பினால் பயன்படுத்தலாம்' என்ற வகையில் அச்சாகிக் கிடக்கும். எதிரியை இருபுறமும் மடக்கினால் சலுகை, ஆறாத காயங்கள், ஆயுதத்தின் வேகத்துக்கு ஏற்ப முறை, ஓய்வெடுக்கக் கூடுதல் நாள் என்று எல்லாம் அங்கே இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டால் 'நானே உருவாக்கினேன்' என்று சொல்லும் இன்பம் போய்விடும். ஆகவே அட்டைப்படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"நான் யார் விதியை மாற்ற?" என்ற தயக்கம் உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த ஆட்டமே அடுத்தவர் விதியை மாற்றியவர்கள் பெற்ற பிள்ளை. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ், ராணுவப் பயிற்சிக்காகப் பகடையும் அட்டவணையும் நடுவரும் கொண்ட கிரீக்ஸ்பீல் என்ற போர் ஆட்டத்தை வெளியிட்டார். விதிகள் பெருகின. 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற இன்னோர் அதிகாரி, அட்டவணையையும் பகடையையும் ஓரமாக வைத்துவிட்டு அனுபவமுள்ள நடுவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று எழுதினார். விதி கூடக் கூட நடுவர் களைத்துப்போவார் என்பது பிரஷ்ய ராணுவத்துக்குப் புரிய ஐம்பது ஆண்டு ஆயிற்று. உங்களுக்கு ஒரு மாதம் போதும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் இருந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெர்ரனுடன் சேர்ந்து 1971இல் செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் ஆட்டத்தை எழுதினார். அதில் சாதாரண வீரனுக்கு ஓர் அடி பட்டால் போச்சு. மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன் அதையும் இதையும் கலந்து பிளாக்மூர் என்ற தன் கற்பனை நாட்டில் ஆட்டம் நடத்தியபோது, அவருடைய நண்பர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆசையாக வளர்த்த ஆள் ஒரே வெட்டில் சாவதா? கப்பல் போர் ஆட்டங்களில் கப்பல் ஒரே குண்டில் மூழ்குவதில்லை. சேதம் சேர்ந்து சேர்ந்துதான் மூழ்கும். ஆர்னெசன் அந்த முறையை மனிதர்களுக்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் வீடியோ கேம்களில் தலைக்கு மேல் மிதக்கும் அந்தச் சிவப்புக் கோட்டின் பூர்வீகம் இதுதான். 1974இல் கைகாக்ஸும் ஆர்னெசனும் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை மூன்று சின்னப் புத்தகங்களாக வெளியிட்டார்கள். சண்டைக்கு செயின்மெயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் இப்படியும் செய்யலாம் என்று இருபது முகப் பகடை முறையை 'மாற்று' என்ற பெயரில் சேர்த்திருந்தார்கள். அந்த மாற்றுதான் பிறகு ஆட்டமே ஆயிற்று.

ஒட்டுச்செடிகள் அதோடு நிற்கவில்லை. விதிகள் குழப்புகின்றன என்று அலுத்துக்கொண்ட கென் செயின்ட் ஆண்ட்ரே, 1975இல் டனல்ஸ் அண்ட் டிரால்ஸ் என்று தனி ஆட்டமே எழுதிவிட்டார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சண்டைக்குத் தன் பங்குக்குத் திருத்த விதிகள் எழுதிச் சுற்றுக்கு விட்ட ஸ்டீவ் பெர்ரின், 1978இல் ரூன்குவெஸ்டை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். 1980இல் வந்த ஆர்ம்ஸ் லா, எந்த ஆட்டத்திலும் செருகிக்கொள்ளும் சண்டை விதியாகவே விற்கப்பட்டது. ஆயுதத்துக்கு ஆயுதம் தனி அட்டவணை, காயத்துக்குக் காயம் தனி வர்ணனை. ஆக உங்கள் கையெழுத்தில் இருக்கும் அந்தப் பதினாலு பக்கமும் நாளைக்குப் பெட்டியில் வரலாம். வராமலும் போகலாம்.

இரண்டாம் படி, யதார்த்தம். ஒவ்வொரு மேசையிலும் வாள்சண்டை வீடியோ நிறையப் பார்த்த ஒரு நண்பர் இருப்பார். அவரை உங்கள் சட்ட ஆலோசகராக நியமியுங்கள்.

"மச்சி, தகட்டுக் கவசத்த வாளால வெட்டவே முடியாது, தெரியுமா? வாளோட பாதியில பிடிச்சு, அக்குள் இடுக்குல குத்தணும்."

அவர் சொல்வது சரிதான். ஐரோப்பிய வீரர்கள் அப்படித்தான் குத்தினார்கள். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்ட், அதாவது பாணர். முதல் நிலையிலேயே அவருக்குக் கிடைக்கும் எளிய மந்திரங்களில் ஒன்று, எதிரியைத் திட்டுவது. திட்டினால் எதிரிக்கு ஹிட் பாயின்ட் குறையும், திட்டியே சாகடிக்கலாம். இதற்கு யதார்த்த ஆலோசகர் ஆட்சேபம் தெரிவித்ததாகச் சரித்திரம் இல்லை. 200 அடி மலையிலிருந்து விழுந்த உயர்நிலை ஃபைட்டர், புத்தகப்படி ஆறு முகப் பகடை இருபதை உருட்டி, சராசரியாக 70 பாயின்ட் இழந்து, தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து நடப்பார். அதற்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் குத்துவாளுக்கும் கதாயுதத்துக்கும் கவசத்தின் மேல் ஒரே பலனா? அது மட்டும் மனசாட்சியை உறுத்தும்.

இந்த உறுத்தலும் பழையதுதான். அடி உடலில் எங்கே பட்டது என்று பார்க்கும் விதி 1975இல் வந்த பிளாக்மூர் இணைப்புப் புத்தகத்திலேயே உண்டு. 1978இல் வந்த உயர்நிலைப் பதிப்பில் ஒவ்வோர் ஆயுதமும் ஒவ்வொரு கவசத்தின் மேல் எப்படி வேலை செய்யும் என்று ஒரு பெரிய அட்டவணை இருந்தது. நிறையப் பேர் அதை மரியாதையோடு தாண்டிப் போனார்கள். அடுத்த ஆண்டே டிஎம்களுக்கான புத்தகத்தில் கைகாக்ஸ், உறுப்பு வாரியான அடியும் விசேஷக் கொலைவெட்டும் வேண்டாம் என்று வாதாடினார். அவர் வாதம் இன்றும் நிற்கிறது. ஹிட் பாயின்டில் ரத்தமும் சதையும் கொஞ்சம்தான். மீதி திறமை, அதிர்ஷ்டம், தெய்வ அனுக்கிரகம். எட்டுப் பாயின்ட் போனால் எட்டு இடத்தில் குத்து விழுந்ததாக அர்த்தமில்லை. தப்பிக்கும் யோகம் எட்டு அளவு குறைந்துவிட்டது. அதை இடது முழங்கை, வலது கணுக்கால் என்று பிரிக்கப் போனால், முதலில் நொண்டுவது முன்வரிசையில் நிற்பவர்.

யதார்த்தத்தை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்பவர்கள் எதிர்த்திசையில் போய்ச் சேர்வார்கள். ஒரு ரவுண்ட் என்பது 6 விநாடி. ஆயிரம் கிராமவாசிகளை ஐந்தடிக்கு ஒருவராக வரிசையில் நிறுத்தி, ஈட்டியைக் கைமாற்றிவிடச் சொல்கிறார் ஒரு புத்திசாலி. ஒவ்வொருவரும் தன் முறையில் அடுத்தவரிடம் கொடுக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. ஆகவே ஈட்டி 6 விநாடியில் ஒன்றரை கிலோமீட்டர் போகும், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம், அதனால் டிராகன் காலி என்று முடிக்கிறார். இணையத்தில் பல்லாண்டாக உலவும் கணக்கு இது. பயணத்துக்கு ஆட்ட விதி, மோதலுக்கு மட்டும் இயற்பியல் விதி. 2024இல் வந்த புதிய டிஎம் கையேடு, விதிகள் இயற்பியல் அல்ல என்று வெளிப்படையாகவே எழுத வேண்டி வந்தது. பாவம்.

மூன்றாம் படிக்கு வந்தாயிற்று. அந்தப் புன்னகையின் இடம் இதுதான்.

ஃபம்பிள் விதி. ஒன்று விழுந்தால் வெறுமனே அடி தவறினால் போதாது (புத்தகம் சொல்வது அவ்வளவே). வாள் நழுவ வேண்டும், வில்லின் நாண் அற வேண்டும், பக்கத்தில் நிற்கும் கூட்டாளியின் முதுகில் கோடாரி பாய வேண்டும். எவ்வளவு சிரிப்பு! எந்த டிஎம்மும் முதலில் எழுதும் விதி இது. கடையில் இதற்கென்றே சீட்டுக்கட்டுகூட விற்கிறார்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல்தான். இருபது முகத்தில் ஒன்று விழ 5 சதவீதம். முதல் நிலை ஃபைட்டர், நேற்று வாள் பிடித்தவர், ஒரு ரவுண்டில் ஒரு தடவை வீசுவார். ஆகவே ரவுண்டுக்கு 5 சதவீதம். ஐந்தாம் நிலையில் அவருக்கு இரண்டு வீச்சு கிடைக்கிறது. ஒன்றாவது சொதப்பும் வாய்ப்பு 9.75. பதினொன்றாம் நிலையில் மூன்று வீச்சு, 14 சதவீதம். இருபதாம் நிலையில், ராஜாக்கள் எழுந்து நின்று வணங்கும் நிலையில், நான்கு வீச்சு. வாய்ப்பு 18.5 சதவீதம். வெறிகொண்டு ஒரே முறையில் இரட்டிப்பாக வீசும் சக்தியையும் பயன்படுத்தினால் எட்டு வீச்சு, மூன்றில் ஒரு பங்கு. நிமிஷத்துக்குப் பத்து ரவுண்ட், நாற்பது வீச்சு. சராசரியாக நிமிஷத்துக்கு இரண்டு தடவை உலகத்தின் தலைசிறந்த வாள்வீரர் வாளைக் கீழே போடுவார். கற்றுக்குட்டியோ இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் போடுவான். பயிற்சி செய்யச் செய்யக் கை நடுங்கும் இந்த அதிசய உலகம் உங்கள் படைப்பு.

விசார்ட் என்ன ஆனார்? அவர் ஃபயர்பால் போடுகிறார். எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28 பாயின்ட், இருபதடி ஆரத்துக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும். இதில் அவர் இருபது முகப் பகடையைத் தொடுவதே இல்லை. தப்பிக்க முடியுமா என்று எதிரே நிற்கும் கோப்லின் என்ற குட்டி அரக்கர்கள்தான் உருட்ட வேண்டும். ஆகவே அவருக்கு ஒன்று விழாது; விழுந்தால் அது கோப்லினின் ஒன்று. ஃபம்பிள் விதி கொண்டுவந்த அன்று மேசையில் அதிகம் சிரிப்பவர் யார் என்று கவனியுங்கள்.

யார் அதிகம் உருட்டுகிறாரோ அவர்மேல்தான் வரி. ஹவுஸ் ரூல் எழுதும் எவரும் இதை மட்டும் தெரிந்துகொண்டால் இந்தக் கையேட்டுக்கு வேலையே இருக்காது. ஆகவே யாரிடமும் சொல்லாதீர்கள். ஃபம்பிள் இல்லாமல் தூக்கமே வராது என்பவர்கள், ஒவ்வொருவரின் முறையிலும் முதல் வீச்சுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். அப்போது சிஷ்யனுக்கும் குருவுக்கும் அதே 5 சதவீதம். விளைவையும் கோமாளித்தனமாக்காமல், எதிரி ஓரடி நெருங்கினான், நீ ஓரடி பின்வாங்கினாய் என்று வைத்தால் கதை நகரும். நிற்க, இது எங்கள் நோக்கத்துக்கு விரோதமான தகவல்.

ஒன்றின் மறுபக்கம் இருபது. இருபது விழுந்தால் கிரிட். காயப் பகடைகளை இரண்டு மடங்கு உருட்டலாம். இங்கே ஒரு நியாயமான மனக்குறை உண்டு. கத்திக் குதித்து, இரண்டு பகடையை உருட்டினால் ஒன்றும் இரண்டும் விழுந்து மூன்று வருகிறது. மானமே போகிறது. ஆகவே மேசை மேசையாக ஒரு விதி பரவியிருக்கிறது: கிரிட் என்றால் முதல் பங்கு பகடைக்கு அதன் உச்ச எண்ணையே வைத்துக்கொள், மேலே இன்னொரு பங்கு உருட்டு. எட்டு முக வாளுக்குச் சராசரி 9 வந்த இடத்தில் 12.5 வரும். எல்லாருக்கும் சந்தோஷம்.

கோப்லினுக்கும் சந்தோஷம். 2014 புத்தகப்படி அதற்கு 7 ஹிட் பாயின்ட். உங்கள் ஃபைட்டரின் சாதாரண வெட்டே சராசரியாக ஏழரை. கிரிட் வந்தால் அதே கோப்லின் இன்னும் அழுத்தமாகச் செத்துப்போகும், அவ்வளவே. திருப்பிப் பாருங்கள். எட்டுப் பாயின்டோடு பின்னால் நிற்கும் முதல் நிலை விசார்ட் மேல் கோப்லினின் கிரிட் விழுகிறது. புத்தகப்படி இரண்டு ஆறுமுகப் பகடையும் கூட இரண்டும். அவர் சாய 72 சதவீதம். உங்கள் புது விதிப்படி ஆறு, கூட ஒரு பகடை, கூட இரண்டு, குறைந்தபட்சமே 9. சாய்வது நூறு சதவீதம். அதோடு நான்கு நாயகருக்கு எதிரே எட்டுக் கோப்லின் என்றால் இருபது விழும் வாய்ப்பு அந்தப் பக்கம் இரண்டு மடங்கு. ஒரு கோப்லினின் ஆயுள் மூன்று ரவுண்ட். நாயகர்கள் இரண்டு வருஷம் ஆடப்பட வேண்டியவர்கள். அந்த இரண்டு வருஷமும் வரப்போகும் எல்லா அரக்கர்களின் இருபதுகளும் அவர்கள் தலையில்தான் இறங்கும். சண்டையில் குலுக்கல் கூடினால் நஷ்டம் எப்போதும் நீண்டநாள் இருக்கப்போகிறவருக்கு. விசார்ட் சாகும் அபூர்வ விதி இது. ஆனால் மூன்று நிலை ஏறிவிட்டால் அவர் மறைவாக நிற்கக் கற்றுக்கொள்வார். அதன் பிறகு கிரிட் எல்லாம் முன்னால் நிற்பவருக்கு. யார் அது? சரியாகச் சொன்னீர்கள்.

இருபுறமும் மடக்கும் விதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மடக்கினால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். கேட்க அழகு. நடைமுறையில் நாயகன், கோப்லின், நாயகி, கோப்லின் என்று எல்லோரும் ஒரே நேர்க்கோட்டில் நின்று ஒருவர் முதுகை ஒருவர் குத்திக்கொண்டிருப்பார்கள். எதிரிக்குத் தன்னைத் திறந்து காட்டி, அந்த விலை கொடுத்து அட்வான்டேஜ் வாங்கும் பார்பேரியன் என்ற பாத்திரத்தின் தனித்திறமை அன்றே இலவச மிக்ஸி ஆகிவிடும். ஒவ்வொரு ரவுண்டும் யார் முதலில் என்று புதிதாக உருட்டும் விதி இன்னும் எளிது: சண்டை நேரம் கூடும், வேறு எதுவும் கூடாது.

கெட்டது மட்டுமே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நல்ல ஹவுஸ் ரூல் ஒன்று உண்டு. மருந்துக் குப்பி. 2014 விதிப்படி, சண்டையில் ஒரு குப்பி குடிக்க உங்கள் முறையின் முக்கியச் செயலே செலவாகும். கிடைப்பது சராசரியாக 7 பாயின்ட். அரக்கன் திருப்பி அடித்தால் அதற்கு மேலே போய்விடும். ஆகவே யாருமே குடிக்கவில்லை. குப்பிகள் பையில் கிடந்து பழுத்தன. எண்ணற்ற மேசைகளில் டிஎம்கள், 'சரி, குடித்துவிட்டு அடிக்கவும் செய்' என்று விட்டுக்கொடுத்தார்கள். 2024 புத்தகம் அதையே அச்சில் ஏற்றிவிட்டது. இந்த விதி ஏன் பிழைத்தது? யாருடைய முறையையும் பறிக்கவில்லை. யார் பாக்கெட்டிலிருந்தும் எடுக்கவில்லை. உருட்ட வேண்டியது ஒன்றும் கூடவில்லை. சுவாரஸ்யமே இல்லாத விதி. நம் போன்ற கலைஞர்களுக்கு ஆகாது.

நம்முடைய ரசனைக்கு ஏற்றது அடுத்தது. பூஜ்யத்துக்குப் போய்ச் சாய்ந்தவரைக் கிளெரிக் தூரத்திலிருந்தே ஒரு வார்த்தை சொல்லி எழுப்புவார். எழுந்தவர் ஒரு வெட்டு வெட்டுவார். மறுபடி சாய்வார். மறுபடி வார்த்தை. டிஎம்முக்கு எரிச்சல்: "மரணத்துக்கே ஒரு மரியாதை இல்லையா?" உடனே விதி: ஒவ்வொரு முறை பூஜ்யத்தைத் தொட்டாலும் ஒரு படி களைப்பு. 2014 விதியில் களைப்புக்கு ஆறு படிகள். மூன்றாம் படியில் ஒவ்வொரு வீச்சுக்கும் இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறாம் படியில் ஆள் காலி. ஓர் இரவு முழுக்கத் தூங்கினால் ஒரு படிதான் இறங்கும். கேட்க எவ்வளவு கம்பீரம்! பூஜ்யத்தை அடிக்கடி தொடுபவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். கதவை முதலில் திறப்பவர், நண்பனுக்கு முன்னால் போய் நிற்பவர். அவர் அடுத்த வாரமும் களைப்போடு வருவார், அதற்கடுத்த வாரமும். அதற்கடுத்த வாரம் விசார்டாகப் புதுப் பாத்திரம் எழுதிக்கொண்டு வருவார்.

கடைசியாக, பெரிய வில்லன். தனியாக வரும் டிராகன் மூன்றாவது ரவுண்டிலேயே செத்துவிடுகிறது. ஆறு மாதம் கட்டிய கதை அரைமணியில் முடிகிறது. உங்கள் கை தானாகவே ஹிட் பாயின்டை இரண்டு மடங்காக்கும். ஆக்குங்கள். டிராகன் இப்போது ஆறு ரவுண்ட் நிற்கும், அதே வேலையைச் செய்துகொண்டு. ஆபத்து கூடவில்லை, காத்திருப்பு மட்டும் கூடியிருக்கிறது. நோய் வேறு இடத்தில் இருக்கிறது: இந்தப் பக்கம் ஐந்து பேர், ரவுண்டுக்கு ஐந்து முறை; அந்தப் பக்கம் ஒரே உடம்பு, ஒரே முறை. அதனால்தான் புத்தகமே பெரிய அரக்கர்களுக்கு மற்றவர் முறைகளுக்கு நடுவே வால் சுழற்றவும் நகரவும் கூடுதல் செயல்களைக் கொடுத்திருக்கிறது. அதுவும் போதாதென்றால் பக்கத்தில் நாலு சின்ன எதிரிகளை நிறுத்தினால் தீர்ந்தது. சண்டை இழுக்கிறதா? 1981இல் வந்த எளிய பதிப்பில் மனஉறுதி என்று ஓர் எண் ஒவ்வோர் அரக்கனுக்கும் உண்டு. கூட்டாளி செத்ததும் இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டு. அந்த எண்ணைத் தாண்டினால் எதிரி ஓடுவான், சரணடைவான். நாற்பது வருஷத்துக்கு மேல் பழைய இந்த விதியைத் திரும்ப எடுத்தால் சண்டை பாதி நேரத்தில் முடியும்.

விசார்ட் மிதமிஞ்சிய பலசாலி, அவரைத் தட்டி வைக்க ஏதாவது விதி வேண்டும் என்ற புலம்பலுக்கும் இப்படி ஓர் எளிய காரணம் உண்டு. 2014 கையேடு, ஒரு நாளில் நடுத்தரமான மோதல்கள் ஆறிலிருந்து எட்டு வரை நடக்கும் என்ற கணக்கில் எழுதப்பட்டது. உங்கள் மேசையில் நாளுக்கு ஒரு சண்டைதான் நடக்கும். நாள் முழுக்கச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய மந்திரங்களை அவர் ஒரே சண்டையில் கொட்டிவிட்டு, இரவு தூங்கி, காலையில் மறுபடி பணக்காரர் ஆகிறார். ஃபைட்டருக்கோ சேமித்து வைத்துக் கொட்ட அதிகம் எதுவுமில்லை. குறுகிய ஓய்வுக்கு 8 மணி நேரம், முழு ஓய்வுக்கு 7 நாள் என்று மாற்றும் விதி அதே கையேட்டில் இருக்கிறது. ஒரு வாரத்தில் ஆறு சண்டை வந்தாலும் கணக்கு சரியாகிவிடும். ஆனால் முதல் படியை நீங்கள் ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால் இது உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

சமநிலை என்ற சொல்லை டிஎம்கள் நாயகருக்கும் அரக்கருக்கும் நடுவே வைத்துப் பார்க்கிறார்கள். அந்தத் தராசு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. குறைந்தால் கோப்லினைக் கூட்டலாம், மிஞ்சினால் ஓடவிடலாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நான்கு பேருக்குள், ஒவ்வொருவர் முறையும் எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் அவர் செய்தது கதையை எவ்வளவு நகர்த்தியது என்பதில்தான் சமநிலை கெடுகிறது. அதை நேர்செய்ய எந்த அட்டவணையும் இதுவரை அச்சாகவில்லை.

இத்தனைக்குப் பிறகும் உங்களுக்கு ஒரு புது விதி தோன்றியிருக்கும், தெரியும். சண்டை நடுவில் அறிவிக்காதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். ஒரே ஒரு விதி, மூன்று அமர்வுக்கு மட்டும் என்று வையுங்கள். மூன்றும் முடிந்ததும் ஃபைட்டரைத் தனியாக டீக்கடைக்கு அழைத்துப்போய், வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் எடுத்துவிடுங்கள். விசார்டைக் கேட்க வேண்டாம், அவருக்கு எல்லா விதியும் பிடிக்கும்.